லேப்டாப்பில் மட்டும் வைஃபை கட் ஆகிறது, மொபைலில் ஆகவில்லை: கார்டை மாற்றணுமா?

ஜூன் 6, இரவு (கேள்வி)

லேப்டாப்பில் வைஃபை நின்று நின்று வருகிறது. வீடியோ கால் நடுவில் எதிரில் இருப்பவர் முகம் அப்படியே உறைந்துவிடும், அரை நிமிடத்தில் தானாகவே திரும்பிவிடும். பக்கத்திலேயே கிடக்கும் மொபைலில் ஒரு குறையும் இல்லை. சிக்னல் கோடுகளும் முழுசாகத்தான் காட்டுகின்றன. டிரைவரை மாற்றிப் பார்த்தேன். விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டேன். மாற்றம் இல்லை. வைஃபை கார்டு போய்விட்டது என்று நினைக்கிறேன். என்ன கார்டு வாங்கலாம்?

ஜூன் 6, இரவு, கொஞ்ச நேரம் கழித்து (பதில்; இனி வருவதெல்லாம் பதில் சொல்பவர் எழுதியது)

வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நான் பார்த்த வரையில், கார்டு போனால் மொத்தமாகப் போகும். வைஃபை பட்டனே காணாமல் போய்விடும். இப்படி விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்.

'கட் ஆகிறது' என்று நாம் சொல்வதில் குறைந்தது நாலு வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ரேடியோ தொடர்பு அறுந்திருக்கலாம். தொடர்பு இருந்தும் ரவுட்டர் ஐபி முகவரி கொடுக்காமல் இருக்கலாம். முகவரி இருந்தும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தூங்கியிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் ரவுட்டருக்கு வெளியே லைன் போயிருக்கலாம். எது என்று தெரியாமல் டிரைவரை மாற்றுவதும் விண்டோஸைப் போடுவதும் வீண் உழைப்பு.

கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்களைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடட்டும் (ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்று வருமே, அந்த எண், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்). இன்னொன்றில் 8.8.8.8 (வீட்டுக்கு வெளியே, இன்டர்நெட்டில் இருக்கும் கூகுளின் சர்வர்). இரண்டுக்கும் கடைசியில் 'மைனஸ் டி' (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கட் ஆகும் நேரத்தில் எந்த ஜன்னல் முதலில் திணறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

ரவுட்டருக்குப் போகும் பிங் திணறினால் குறை வீட்டுக்குள்ளே, காற்றில். அது ஒழுங்காக ஓடி, 8.8.8.8 மட்டும் நின்றால் லேப்டாப்பை விட்டுவிடலாம். இரண்டும் ஓடுகிறது, பிரவுசரில் மட்டும் எதுவும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 7, காலை

படுத்த பிறகு தோன்றியது. மொபைல் நன்றாக ஓடுவதை வைத்து லேப்டாப் மீது பழி போட முடியாது. வைஃபை ஓடுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பேண்டுகளில் (அலைவரிசைகளில்). மொபைல் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கலாம், லேப்டாப் 2.4இல் இருக்கலாம். பல ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதால் யார் எதில் இருக்கிறார்கள் என்று வெளியில் தெரியாது. அப்புறம் மொபைலில் வைஃபை நொண்டினால், பல மாடல்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஒப்பிடுவதற்கு முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, இரண்டும் ஒரே பேண்டில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7, இரவு

சரி, ரவுட்டர் பிங்கே திணறுகிறது என்கிறீர்கள். 3 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்தது 900க்குப் போய், அப்புறம் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரிசையாக வருகிறது. பாதி வேலை முடிந்தது: இன்டர்நெட் கம்பெனி, டிஎன்எஸ் இரண்டையும் இப்போது மறந்துவிடலாம். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கும் காற்றும், அந்தக் காற்றைத் தொடும் இரண்டு முனைகளும்தான் மிச்சம்.

கோடுகள் முழுசாக இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை சிக்னலின் பலத்தைத்தான் காட்டும், இரைச்சலைக் காட்டாது. பலமான சிக்னல் வந்துகொண்டிருக்கும்போதே அதைவிடப் பெரிய இரைச்சல் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் காதில் விழாது.

அந்த இரைச்சலில் அதிகம் பேர் சந்தேகிக்காத ஒன்று யூஎஸ்பி 3.0. இன்டெல் 2012இல் வெளியிட்ட ஓர் ஆவணத்திலேயே இது விளக்கமாக இருக்கிறது: யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் சாதனமும் கேபிளும் கனெக்டரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்குகின்றன. என் மேஜையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி பேக்கப் தொடங்கியதும் வைஃபை ஊர்ந்தது; அதோடு வயர்லெஸ் மவுஸும் திரையில் தத்தித் தத்தி நகர்ந்தது. இரண்டும் சேர்ந்து கெட்டதுதான் துப்பு. மவுஸின் ரிசீவரும் அதே 2.4இல் வேலை செய்வது. டிஸ்க்கை நீளக் கேபிளில் தள்ளி வைத்து, லேப்டாப்பை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் இரண்டும் அடங்கிவிட்டன.

உங்கள் லேப்டாப்பில் என்னென்ன செருகியிருக்கிறீர்கள்? டாக், ஹப், பென் டிரைவ் எதையும் விடாமல் சொல்லுங்கள்.

ஜூன் 8, காலை

எதுவும் செருகவில்லை என்கிறீர்கள். லேப்டாப் 5 ஜிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது என்றும் பார்த்துவிட்டீர்கள். அப்படியானால் யூஎஸ்பியும் மைக்ரோவேவ் அடுப்பும் பட்டியலிலிருந்து போய்விடுகின்றன. இரண்டும் கெடுப்பது 2.4ஐ. (மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதே 2.45 ஜிகாஹெர்ட்ஸில்.)

5இல் வேறொரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு பேண்டும் சேனல்கள் என்ற எண்ணிட்ட பாதைகளாகப் பிரிந்திருக்கும்; அவற்றில் 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. இந்த வகையில் இன்னொரு சேனலுக்குப் போனால், அங்கே ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பைத் தொடங்கலாம். அந்த நேரத்தில் நெட்வொர்க் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். ஆனால் அப்படி நடந்தால் மொபைலிலும் போக வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை. இருந்தாலும் ரவுட்டரில் சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 36 என்று நிறுத்துங்கள். சோதனை முடியும்வரை ரவுட்டர் ஓர் இடத்தில் நிற்கட்டும்.

ஜூன் 8, மதியம்

நெட்வொர்க் ரீசெட் கொடுத்தால் சரியாகிவிடும் என்று இங்கே வேறொருவர் சொல்லியிருக்கிறார். சில நேரம் ஆகும், உண்மைதான். ஆனால் அது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் கழற்றி மறுபடி மாட்டும், சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் போகும், விபிஎன் மென்பொருள் இருந்தால் அதையும் திரும்ப அமைக்க வேண்டிவரும். சரியானாலும் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே போய்விடும். கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் விண்டோஸே எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பைப் படியுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட்' (netsh wlan show wlanreport) என்று அடியுங்கள். கடைசி 3 நாட்களில் எப்போது சேர்ந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் என்று வரைபடத்தோடு ஒரு பக்கம் வரும். லேப்டாப் தூங்கிய நேரமும் அதில் இருக்கும். கட் ஆவது எப்போதும் தூக்கத்திலிருந்து எழுந்த பிறகுதானா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதா என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

ஜூன் 8, இரவு

ரிப்போர்ட்டை விட, அதற்குக் கீழே நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிமிர வைத்தது. 'மேஜையில் வைத்தால் பரவாயில்லை, சாய்ந்து மடியில் வைத்துக்கொண்டால்தான் அதிகம்.'

மேஜையிலிருந்து மடிக்கு வரும்போது என்ன மாறுகிறது? ரவுட்டருக்கு உள்ள தூரம் அதேதான், அறை அதேதான். மாறுவது திரை சாயும் கோணம்.

பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை ஆண்டெனாக்கள் திரையின் ஓரத்தில் இருக்கின்றன. கார்டு இருப்பதோ கீபோர்டுக்கு அடியில். இரண்டையும் இணைக்கும் மெல்லிய ஒயர்கள் கீல் வழியாக நுழைந்து வருகின்றன. திரையைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்த ஒயர் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் ஒன்று ஒயர் கீலில் தேய்ந்து உள்ளே அறுந்துபோகும், அல்லது கார்டின் மேல் உட்கார்ந்திருக்கும் முனை இழுபட்டுத் தளர்ந்துவிடும்.

உடனே செய்து பார்க்கக்கூடிய சோதனை இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலான் ஷோ இன்டர்ஃபேசஸ்' (netsh wlan show interfaces) என்று அடியுங்கள். வரும் பட்டியலில் மூன்று வரிகள் முக்கியம்: சிக்னல், ரிசீவ் ரேட், டிரான்ஸ்மிட் ரேட். திரையை மெதுவாகப் பின்னால் சாய்த்துக்கொண்டே ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, சில நொடிகள் விட்டு, அந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிக்னல் சதவீதத்தை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். சிக்னலின் பலத்தை அளப்பது டிபிஎம் என்ற அலகில்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு. விண்டோஸ் கணக்கில் 0 சதவீதம் என்றால் மைனஸ் 100 டிபிஎம், 100 சதவீதம் என்றால் மைனஸ் 50 டிபிஎம். நடுவில் உள்ளது நேர்க்கோட்டுக் கணக்கு. ஆக 50 சதவீதம் என்று பார்த்து 'பாதி இருக்கிறதே' என்று நினைக்கக் கூடாது. அது மைனஸ் 75. 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு என்பதால், 100 சதவீதத்தில் வந்த பலத்தில் முந்நூறில் ஒரு பங்குதான் அங்கே வருகிறது. வீடியோ காலுக்கு மைனஸ் 67க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. அதாவது 66 சதவீதம்.

ஜூன் 9, காலை

நீங்கள் எழுதி அனுப்பியது: திரை நேராக இருந்தபோது சிக்னல் 96, ரேட் நொடிக்கு 433 மெகாபிட். முழுக்கச் சாய்த்தால் சிக்னல் 38, ரேட் கீழே விழுந்து பிங் நிற்கிறது. ரவுட்டரைத் தொடவில்லை, நாற்காலியை நகர்த்தவில்லை. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அந்த 433 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். வைஃபை 5 வகையில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஓர் ஆண்டெனா மட்டும் வேலை செய்தால் கிடைக்கும் அதிகபட்ச இணைப்பு வேகம் 433. இரண்டு ஆண்டெனாவும் சேர்ந்து வேலை செய்தால் 866. உங்கள் கார்டு இரண்டு ஆண்டெனா வகை, ரவுட்டரும் அதே வசதி உள்ளது. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, 96 சதவீதச் சிக்னலில், 866க்குப் போகாமல் 433லேயே நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று ஏற்கெனவே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. மிச்சம் இருக்கும் ஒன்றும் திரையைச் சாய்க்கும்போது நழுவுகிறது.

கோடுகள் முழுசாக இருந்தன என்று முதலில் சொன்னீர்களே, அதுவும் பொய்யில்லை. முகம் உறைந்ததும் நிமிர்ந்து உட்காருகிறோம், திரையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறோம், அப்புறம்தான் மூலையில் இருக்கும் ஐகானைப் பார்க்கிறோம். அதற்குள் சிக்னல் திரும்பிவிடுகிறது.

ஜூன் 9, மதியம்

ஒரு திருத்தம், மற்றவர்களுக்காக. 433 என்று பார்த்ததும் எல்லோரும் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். விலை குறைந்த பல லேப்டாப்களில் கார்டே ஓர் ஆண்டெனா வகைதான். அவற்றில் 433தான் உச்சம். கார்டின் மாடல் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 2.4இல் இருப்பவர்களுக்கு அதற்கு இணையான எண்கள் 72, 144 (வைஃபை 4, 20 மெகாஹெர்ட்ஸ்). வைஃபை 6, 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் 600, 1201.

சிக்னல் குறைந்தால் இரண்டு ஆண்டெனா இருந்தாலும் இந்த எண் இறங்கும். அதனால் இதைப் பார்ப்பது ரவுட்டர் இருக்கும் அறையில், இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கட்டும்.

ஜூன் 9, இரவு

திறப்பதாக முடிவு செய்துவிட்டீர்கள் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். வாரன்டி இருந்தால் திறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

முழுதாக ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். அடி மூடியின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் இறுக்கினால் மேல்புறம் குத்திக்கொண்டு வரும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றுவது. அதைக் கழற்றாமல் வேறு எதையும் தொடக் கூடாது.

கார்டைக் கண்டுபிடிப்பது எளிது. 22க்கு 30 மில்லிமீட்டர், தபால் தலை அளவு. ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். அதன் ஒரு முனையில் பொன்னிறத்தில் இரண்டு சிறு வட்டங்கள், அவற்றில் இரண்டு ஒயர்கள். பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை அல்லது சாம்பல். எது எதில் என்று மொபைலில் படம் எடுத்துவிட்டுத் தொடுங்கள். கார்டிலேயே கறுப்பு முக்கோணம், வெள்ளை முக்கோணம் என்று அச்சிட்டிருப்பார்கள்.

விரல் நகத்தால் முனையை லேசாக அசைத்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த முனை வட்டமாகச் சுழலும், ஆனால் மேலே எழும்பாது. எழும்பினால் அதுதான் குற்றவாளி. திரும்ப மாட்டும்போது முனை வட்டத்துக்கு நேர் மேலே இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, செங்குத்தாக அழுத்துங்கள். 'டிக்' என்ற சத்தம் காதில் விழுவதைவிட விரலில் நன்றாகத் தெரியும். சாய்ந்தபடி அழுத்தினால் வட்டத்தின் விளிம்பு நசுங்கிவிடும், அப்புறம் அந்தக் கார்டில் எந்த முனையும் நிற்காது. தயாரிப்பாளர்களே இந்த வகை முனைகளுக்கு ஏறக்குறைய 30 தடவை கழற்றி மாட்டும் ஆயுளைத்தான் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டுக்குக் கழற்றி மாட்டும் பொருள் அது இல்லை.

முன்பு என் தங்கையின் லேப்டாப் இப்படித்தான் வந்தது. ஒரு கடையில் பேட்டரி மாற்றிய பிறகு, ரவுட்டர் இருக்கும் அறையைத் தாண்டினால் நெட்வொர்க் பட்டியலே காலி. திறந்தால், இரண்டு ஒயர்களும் கறுப்பு டேப்புக்கு அடியில் ஒழுங்காகச் சுருண்டு கிடந்தன, முனைகள் எதிலும் மாட்டாமல். ஆண்டெனாவே இல்லாவிட்டாலும் மிக அருகில் இருக்கும் ரவுட்டரை ஒரு கார்டு பிடித்துவிடும் என்பதை அப்போது பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க இத்தனை பேருக்குத் தாமதமாகிறது: ரவுட்டர் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

ஜூன் 11, இரவு

வெள்ளை ஒயர் முழுதாகக் கழன்று கிடந்தது, கறுப்பு பாதி ஏறி நின்றது. இரண்டையும் அழுத்திய பிறகு 866, திரையை எப்படிச் சாய்த்தாலும் சிக்னல் 90க்குக் கீழே இறங்கவில்லை. படித்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஒரு கார்டும் வாங்காமல் முடிந்தது.

புளூடூத் ஹெட்செட்டும் இப்போது விட்டுவிட்டுப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் காரணம் இதுவே. புளூடூத் அதே கார்டில்தான் இருக்கிறது, பெரும்பாலும் அந்த ஆண்டெனாக்களில் ஒன்றையே பகிர்ந்துகொள்கிறது. வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்து கெடுகிறது என்று யாராவது சொன்னால் இனி ஆண்டெனாவைத்தான் முதலில் கேட்பேன்.

ஒயரில் கொஞ்சம் தளர்ச்சி விட்டு, பழைய டேப்பை அதே இடத்தில் ஒட்டிவிட்டீர்களா? இறுக்கமாக இருந்தால் கீல் மறுபடி இழுக்கும்.

ஜூன் 12, காலை

இங்கே இன்னொருவர் கேட்டிருப்பது வேறு நோய், அதை இதோடு குழப்ப வேண்டாம். தூக்கத்திலிருந்து எழுப்பினால் வைஃபை பட்டனே இல்லை. டிவைஸ் மேனேஜரில் கார்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், கோட் 10 (சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்ற பிழை).

இது ஆண்டெனா இல்லை. தூங்கப்போன கார்டு எழுந்திருக்க மறுக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் பாதி நேரம் வரும், பாதி நேரம் வராது, ஏனென்றால் ரீஸ்டார்ட்டில் கார்டுக்குப் போகும் மின்சாரம் முழுதாக நிற்பதில்லை. ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, கார்டு முதலிலிருந்து தொடங்கும். பட்டன் இல்லாமல் போன லேப்டாப்கள் இப்படித் திரும்பி வந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஷட் டவுன் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 8இலிருந்து வந்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் என்பது உண்மையில் அரைத் தூக்கம். டிரைவர்களின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. குழம்பிய டிரைவர் குழப்பத்தோடே எழுந்து வரும். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

திரும்பத் திரும்ப வந்தால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். புது லேப்டாப்கள் சிலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. அங்கே லேப்டாப் தயாரிப்பாளர் தரும் டிரைவரும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும்தான் வழி.

ஜூன் 12, மதியம்

லினக்ஸ்காரர்கள் முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' (rfkill list, வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் கட்டளை) பாருங்கள். சாஃப்ட் பிளாக் என்றால் கட்டளையிலேயே திறக்கலாம். ஹார்ட் பிளாக் என்றால் எந்தக் கட்டளையும் உதவாது. பக்கவாட்டில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அல்லது எஃப்என் கீயோடு சேர்ந்த விமானப் படம் போட்ட கீ.

ஜூன் 13, இரவு

'கனெக்டட், ஆனால் இன்டர்நெட் இல்லை' கேள்விகள் சேர்ந்துவிட்டன. சுருக்கமாக.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, லேப்டாப் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். அதிலும் வராவிட்டால் லேப்டாப்பில் யாராவது நிலையான ஐபி போட்டு வைத்திருக்கிறார்களா, ரவுட்டரில் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்) வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' இயங்கினால் வடிகட்டியில் பதிந்த எண்ணும் காற்றில் போகும் எண்ணும் வேறு வேறாக இருக்கும்.

பிங் போகிறது, ஒரு தளமும் திறக்கவில்லை, எல்லாவற்றிலும் சான்றிதழ் எச்சரிக்கை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்துபோன லேப்டாப், தேதியைப் பல வருடம் பின்னால் கொண்டுபோய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் கதவை மூடிவிடுகிறது. நெட்வொர்க்கில் ஒரு குறையும் இருக்காது.

மொபைலுக்குத் தெரியும் நெட்வொர்க் லேப்டாப்பின் பட்டியலிலேயே இல்லையா? ரவுட்டர் 2.4இல் சேனல் 12 அல்லது 13க்குப் போயிருக்கலாம்; அமெரிக்க விதிப்படி அமைந்த பல கார்டுகள் 11க்கு மேல் பார்ப்பதில்லை. பட்டியலில் இருக்கிறது, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் சேரவில்லை என்றால் ரவுட்டரில் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். 2018இல் வந்த டபிள்யூபிஏ3யை மட்டும் வைத்திருந்தால் அதற்கு முந்தைய பல கார்டுகளால் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதிலும் சில பழைய டிரைவர்கள் தடுமாறும்; அப்போது டபிள்யூபிஏ2 மட்டும். பாதுகாப்பே இல்லாமல் திறந்து வைத்துச் சோதிப்பவர்கள், சோதித்ததும் மூடிவிடுங்கள்.

ஜூன் 14, காலை

உண்மையாகவே கார்டு போனவர்களுக்கு. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 200 தன் வேலையைத் தானே முழுதாகச் செய்யும் சாதாரண பிசிஐஇ வகைக் கார்டு, இடம் பொருந்தினால் ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். 201இல் கார்டின் பாதி மூளை இன்டெல் பிராசசர் பக்கமே இருப்பதால், அந்த வசதி உள்ள இன்டெல் லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும். 210, 211 ஜோடிக்கும் இதே கதை. பழைய கார்டு எந்த வகை என்று பார்க்காமல் வாங்கினால் மாட்டிவிட்டு முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். பழைய லேப்டாப்கள் சிலவற்றில் பயாஸே தனக்குத் தெரிந்த கார்டை மட்டும்தான் அனுமதிக்கும். அவர்களுக்கு யூஎஸ்பி அடாப்டர் போதும். அதை 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு, யூஎஸ்பி 3.0 டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 16, இரவு

கேள்வி கேட்டவருக்கே திரும்ப வருகிறேன். இப்போது கட் ஆவதில்லை, மாலை நேரத்தில் மட்டும் மந்தம் என்கிறீர்கள். அதே இரண்டு ஜன்னல்களை மாலையில் திறந்து வையுங்கள். ரவுட்டர் பிங்கும் ஏறினால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல். இன்னொரு சேனலுக்கு மாறிப் பாருங்கள், 36லிருந்து 149க்கு, உங்கள் ரவுட்டர் அனுமதித்தால். 2.4இல் இருப்பவர்கள் 1, 6, 11 மூன்றில் ஒன்றோடு நிற்க வேண்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். நடுவில் 3, 8 என்று வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும்.

ஜூன் 17, இரவு

மாலை எட்டு மணிக்கு ரவுட்டர் பிங் 3, 8.8.8.8க்கு 400. அப்படியானால் காற்றில் ஒன்றும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாராவது பெரிய அப்லோடு போட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். அப்லோடு நிரம்பினாலே பிங் இப்படி ஏறும். அப்போதும் 400 என்றால், ரவுட்டரில் நேராக லேன் கேபிளைச் செருகி அதே எண்ணை எடுங்கள். கேபிளில் எடுத்த எண்ணையும் நேரத்தையும் எழுதி கம்பெனிக்கு அனுப்புங்கள். வைஃபையில் எடுத்த எண்ணைக் கொடுத்தால் 'உங்கள் வைஃபையில் குறை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.